நாலாம் நம்பர் குரல்

— மெட்ராஸ் ரேடியோக் கம்பெனி கிருஷ்ணமூர்த்தி சார் எங்க வீட்டுக்கு வந்தது ஒரே தடவதான், கரீமா. அதையே என்னத்துக்குத் திருப்பித் திருப்பிக் கேக்கற?

— சும்மா கேட்டேன் புள்ள. ஒரு தடவ வந்தவகளுக்கே உங்க வீட்டு அரிசியும் பருப்பும் சாதம் நாக்குல ஒட்டிக்கிருச்சாம். கடைக்கு வந்து எங்க வாப்பாகிட்ட ஒரே தாரீஃப், அப்படிப் புகழுறாக.

— லாட்ஜ் சாப்பாடு ஒத்துக்கலைன்னாரு. பாவம்னு அப்பா கூட்டிட்டு வந்தாரு. அவ்வளவுதான்.

— குரல் தேர்வுக்கு முந்தியா, பொறவா?

— மறுநாளு.

— அச்சா. மறுநாளு.

— என்ன அச்சா? உன்னோட ஒரு அச்சாவுக்குள்ள ஒரு மூட்டை சந்தேகம் இருக்குது.

— மூட்ட தூக்குற வீடு தானே எங்களது. இந்தப் பாவாடய மடிக்கிறியா, கசக்குறியா? இங்க குடு.

— நீ ஒண்ணும் மடிக்க வேண்டாம். நாளைக்குக் கப்பல். நேத்து வரைக்கும் எட்டிப் பாக்காதவ இன்னிக்கு வந்து உக்காந்துட்டு போலீஸ்காரனாட்டம் கேள்வி கேக்கற.

— நீலாக் கண்ணு! யாரு பேசறது அங்க?

— கரீமா வந்திருக்காம்மா!

— வந்தியா சாமி? எங்க உன்னயக் காணமேன்னு இப்பத்தான் நெனச்சேன். ரெண்டு பேரும் ஒண்ணாக் குடத்துக்குள்ள மூஞ்சிய விட்டுட்டு ‘வணக்கம் நேயர்களே’ன்னு கத்திட்டுத் திரிஞ்சீங்க, இப்ப ஒருத்தி போறா.

— ஆமா மாமி. குடம் இனி தண்ணிக்குத் தான்.

— டீ வெக்கறேன், இரு. முறுக்கும் சுட்டிருக்கறேன், கப்பல்ல திங்கறதுக்கு. கடலுக்குப் பயந்து எதையும் திங்காம படுத்துக்குவா இவ. இந்தப் போர்ட் பிளேரை விட்டு, தீவை விட்டு ஒரு நாளு வெளிய போனதில்ல.

— ரயிலையே பாக்காதவ, ட்ராமுல ஏறி இஸ்டுடியோ போகப் போறா மாமி.

— ட்ராம் எல்லாம் எடுத்துட்டாங்கடி. பஸ்தான். அம்மா, நீங்க டீயைப் பாருங்க.

— பாக்கறேன், பாக்கறேன். ரகசியம் பேசறீங்களாக்கும்.

— ரகசியமா? ஒண்ணுமில்ல மாமி. உங்க புள்ளைக்கு இஸ்திரி போட ஒத்தாச பண்றேன்.

— ஏண்டி எங்கம்மா கிட்ட அப்படி இளிக்கற, எங்கிட்ட மட்டும் மொறைக்கற?

— உங்கம்மா எனக்கு டீ குடுக்குறாக. சரி சொல்லு. ஹார்பர்ல எறங்குனா யாரு வர்றா?

— கம்பெனி காரு வரும்.

— கம்பெனி எந்தத் தெருவுல?

— தந்தியில தபால் பொட்டி நம்பர்தான் போட்டிருக்குது. பெரிய கம்பெனிக எல்லாம் அப்படித்தான் போடும்.

— எங்க வாப்பா வெங்காயம் வாங்குற கம்பெனி கூட தெரு போட்டுருக்கும்.

— வெங்காயமும் ரேடியோவும் ஒண்ணா? ‘அலைமணி விளம்பரக் கம்பெனி’ன்னா மெட்ராஸ்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்களாம். சோப்பு, தைலம், பல்பொடி எல்லாத்துக்கும் நிகழ்ச்சி அவங்கதான் பண்ணிக் குடுக்கறாங்க. அது சிலோன் ரேடியோவுல வரும். நாம ராத்திரியில கொரகொரன்னு கேப்போமே, அதுல இனி நானு.

— அத்தன பேரு இருக்காகளே மெட்ராஸ்ல. காலேஜு படிச்சவக, நாடகத்துல நடிச்சவக. ஒரு வேலைக்கு நூறு பேரு வாசல்ல நிப்பாகன்னு அந்த சாரே சொன்னாக. அப்படி இருக்க, கடலத் தாண்டி இங்க வந்து எதுக்குக் கொரலு தேடணும்?

— அதையும் அவரேதான் சொன்னாரு. நீ காதுல வாங்கல. மெட்ராஸ்ல எல்லாரும் ஒரே மாதிரி பேசறாங்களாம். கேட்டுக் கேட்டு முதலாளிக்குச் சலிச்சுப் போச்சாம். புதுசா, யாரும் மிதிக்காத மணலாட்டம் ஒரு குரல் வேணுமாம்.

— மிதிக்காத மணலு. நல்லா பேசுறாக.

— அவங்க பொழப்பே பேச்சுத்தான்.

— டிக்கெட்டு எத்தன போட்டுருக்காக?

— ஒண்ணு.

— மாமா கூட வரலியா?

— அப்பாவுக்கு மில்லுல லீவு இல்ல. அதுவுமில்லாம, வீட்டு ஆளுக வந்தா வேலை கத்துக்கற புள்ளைக்குக் கவனம் செதறும்னு சார் சொன்னாரு. தங்கறதுக்கு கம்பெனியே எடம் குடுக்குது. வேற பொண்ணுகளும் இருக்காங்களாம்.

— அச்சா.

— இன்னொரு அச்சா சொன்னியின்னா இந்தச் சீப்பை உம் மேல எறிஞ்சுருவேன். நேராச் சொல்லு. உனக்குப் பொறாமை.

— ஆமா, பொறாமதான். நேத்து வரைக்கும்.

— நேத்து வரைக்கும்னா? இன்னிக்கு என்ன?

— விடு. அன்னிக்கு தமிழ்ச் சங்கத்துக் கூடத்துல நம்ம நாலு பேரையும் எப்புடி உக்கார வெச்சாக, ஞாபகம் இருக்கா?

— இப்ப என்னத்துக்கு அது?

— சொல்லேன். மொதல்ல பொன்னம்மா டீச்சர்.

— ஆமா. மல்லிகா சோப்பு விளம்பரத்தை வாசிக்கச் சொன்னா, அட்டெண்டன்ஸ் எடுக்கற மாதிரி வாசிச்சாங்க. ‘மல்லிகா! சோப்பு! உள்ளேன் ஐயா!’

— சிரிக்காத. அடுத்தது ரெண்டாம் நம்பரு. அது யாரு?

— நீ.

— மூணு, நம்ம ருக்கு. நாலு, நீ. பேரு கெடையாது, நம்பருதான். நடுவுல பெட்ஷீட்டக் கட்டி, அந்தப் பக்கம் சாரும் மெஷினும். மூஞ்சியப் பாத்து எடுத்தாகன்னு நாளைக்கு ஒருத்தரும் சொல்லக் கூடாதாம். டேப்புதான் மெட்ராஸ் போகும், மொதலாளிக கேட்டுட்டு நம்பரு மட்டும் தந்தியில சொல்லுவாக. அப்படித்தானே?

— தெரிஞ்சதையே எதுக்கு ஒப்பிக்கற?

— ரெண்டாம் நம்பரக் கூப்புட்டப்ப நான் எங்க இருந்தேன்?

— கரீமா, எனக்கு இன்னும் பொடவைக மடிக்கோணும்.

— எங்க இருந்தேன் புள்ள?

— கடையில. அன்னிக்கு வெள்ளிக்கெழமை. உங்க வாப்பா ஜும்மாவுக்குப் போனாத்தான் உன்னால நழுவி வர முடியும். வந்துருவ, வந்துருவன்னு வாசலையே பாத்துட்டு இருந்தேன். ‘ரெண்டாம் நம்பர் இல்லையா, அடிச்சுடறேன்’னாரு சாரு பெட்ஷீட்டுக்குப் பின்னால இருந்து.

— அப்பறம்?

— நாந்தான் போய் உக்காந்தேன். உம் பேரு போயிரக் கூடாதுன்னு. அதுக்கு இப்ப நன்றி சொல்ல வந்தியா?

— நான் ஓடி வந்தப்ப ருக்கு முடிச்சுட்டா. நாலாம் நம்பருக்கு நான் போய் உக்காந்தேன். மூச்சு வாங்குது, முக்காடு நழுவுது. ‘மல்லிகா சோப்பு’ன்னு படிக்கையில எனக்கே சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே படிச்சு முடிச்சேன். வெளிய வந்து நீயும் நானும் சொல்லிக்கிட்டோம்: யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது, நம்பரு மாறுனது தெரிஞ்சா ரெண்டு பேரையும் தள்ளிருவாக.

— ஆமா.

— தந்தியில வந்தது எத்தனாம் நம்பரு?

— உனக்குத் தெரியும்.

— நீ சொல்லு.

— அம்மா காதுல விழுகும். மெதுவாப் பேசு.

— நான் மெதுவாத்தான் பேசுறேன். நீதான் கத்துற. சச் போல் நீலா, நெசத்தச் சொல்லு, எத்தனாம் நம்பரு?

— டீ கொண்டாந்துட்டேன் சாமி. என்ன, ரெண்டு மூஞ்சியும் இப்படி இருக்குது? அழுதீங்களா?

— இல்ல மாமி. பொட்டிக்குள்ள பூச்சி உருண்ட போட்டுருக்கா, கண்ணு எரியுது.

— போறவளுக்கு இல்லாத அழுவாச்சியா. எனக்குந்தான் இவளை அனுப்ப மனசில்ல. ஆனா பாரு, இவங்கப்பா மில்லு பூராவும் மிட்டாய் குடுத்துட்டாரு. வங்காளத்துக்காரன் எல்லாம் வந்து ‘உங்க பொண்ணு ரேடியோவுல பேசப் போகுதா’ன்னு கேக்கறான். நீயும் கேப்பீல்ல சாமி, ராத்திரியில?

— கேக்காமயா மாமி.

— முறுக்கு எடுத்துக்க. நானு போயி ட்ரங்குப் பொட்டிக்கு வண்டிக்காரங்கிட்டச் சொல்லிட்டு வந்தர்றேன்.

— போயிட்டாங்களா?

— போயிட்டாக. டீயக் குடி, ஆறிப் போகுது.

— நாலு. நாலாம் நம்பர்னுதான் தந்தி வந்துது. போதுமா?

— நாலாம் நம்பர்ல பேசுனது யாரு?

— நீ. நீதான் கரீமா! சிரிச்சுட்டே வாசிச்சியே, வாசலுக்கு வெளிய நின்னு கேட்டேன். எனக்கு அப்பவே தெரியும், நம்ம நாலு பேருல இதுதான் குரல்னு. நானு பல்லைக் கடிச்சுட்டு, ஒரு எழுத்து தப்பாம, கல்லு அடுக்கற மாதிரி வாசிச்சேன். நீ சும்மா பக்கத்து வீட்டுல பேசற மாதிரி பேசிட்டு வந்துட்ட.

— தந்தி வந்தன்னிக்கே மாலுமா, தெரிஞ்சு போச்சா உனக்கு?

— படிச்ச ஒடனே. அப்பா தந்தியத் தலைக்கு மேல தூக்கிட்டு ஆடறாரு, அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டறாங்க. நானு மட்டும் மனசுக்குள்ள ‘இது கரீமா, இது கரீமா’ன்னு சொல்லிட்டு நிக்கறேன்.

— ஆனா வாயத் தொறக்கல.

— தொறக்கல. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு. நீயும் வரல. நீ வராதது எனக்குச் சவுகரியமா இருந்துது, அதையும் சொல்லிர்றேன். மெட்ராஸ்ல போயி மைக்கு முன்னாடி உக்காந்தா மொத நாளே கண்டுபுடிச்சுருவாங்க, இது அந்தக் குரல் இல்லைன்னு. அதுக்குந்தான் ராத்திரியெல்லாம் குடத்துக்குள்ள உன்னாட்டம் சிரிச்சுப் பழகினேன்.

— என்னாட்டமா?

— சிரிக்காத. எனக்கு வரல. இருமல்தான் வந்துது.

— அரே, குடத்துக்குள்ள சிரிச்சா பேய் சிரிக்கிற மாதிரி தான் இருக்கும்.

— கரீமா, எனக்கு வேற வழி என்ன இருக்குது, நீயே சொல்லு. இங்க இருந்தா இன்னும் ஒரு வருசத்துல அப்பாவோட சொந்த ஊரு தாராபுரத்துல இருந்து யாராவது மாப்பிள்ளை வருவான். அப்பறம் குடத்துல தண்ணி மட்டுந்தான். ரேடியோவுல பேசறதைத் தவிர எனக்கு எதுவுமே ஆசையா இருந்ததில்ல. தப்புன்னு தெரிஞ்சே பொட்டி கட்டினேன்.

— சரி.

— என்ன சரி? திட்டு. அடி. இல்லைன்னா வா, இப்பவே தந்தி ஆபீஸ் போலாம். ‘நாலாம் நம்பர் பேசினது கரீமா’ன்னு அடிச்சுர்றேன். டிக்கெட்டு உனக்கு மாத்திக் குடுக்கட்டும். அப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன், மிதிச்சா மிதிக்கட்டும்.

— எங்க வாப்பா என்னய பக்கத்துத் தீவு ஹேவ்லாக்குக்கே தனியா அனுப்ப மாட்டாக. மெட்ராஸாம். கொரலு தேர்வுக்கு வந்தது தெரிஞ்சாலே கடைக்கு உள்ள கூட விட மாட்டாக.

— அப்ப எதுக்குத்தான் வந்த? வேலையும் வேண்டாம். சண்டையும் போட மாட்டேங்கற. எங்கிட்ட இருந்து இதை வாங்கோணும்னு மட்டும் வந்தியா?

— ஆமா. நீ இதச் சொல்றியா இல்லையான்னு பாக்கத்தான் வந்தேன்.

— சொல்லிட்டேன். நானு திருடின்னு என் வாயாலயே கேட்டாச்சு. சந்தோசமாப் போ.

— சந்தோசம் எங்க புள்ள இருக்கு? நான் உன்னயத் திருடின்னு நெனச்சு வரல. அதவிட மோசமா நெனச்சு வந்தேன்.

— அதவிட மோசமா என்ன?

— நீயும் அந்த கிருஷ்ணமூர்த்தியும் சேந்து ஏதோ பேசி வெச்சுக்கிட்டீகன்னு. தேர்வே ஒரு கண்தொடப்புன்னு. எல்லாம் மாலும் ஆகித்தான் நீ கெளம்புறன்னு.

— ச்சீ! அந்தாளு எங்க அப்பா வயசு.

— அதான் ஒரு தடவ வந்தாரா, ரெண்டு தடவ வந்தாரான்னு கேட்டேன். தேர்வு கண்தொடப்புன்னு உனக்குத் தெரிஞ்சிருந்தா, நாலாம் நம்பரு யாரோட கொரலுன்னு நீ பயந்திருக்கவே மாட்ட. குடத்துக்குள்ள சிரிச்சுப் பழகியிருக்க மாட்ட. நீ மனசார நம்புற, மெட்ராஸ்ல உக்காந்து அந்த டேப்பக் கேட்டுத்தான் எடுத்தாகன்னு.

— பின்ன கேக்காம எடுப்பாங்களா?

— இன்னிக்குக் காலையில கப்பல் வந்துச்சுல்ல.

— ஆமா. நாளைக்கு நானு போற கப்பல்.

— வெங்காயமும் பருப்பும் எறங்குச்சு. எடம் பண்ணணும்னு வாப்பா கோடவுன ஒதுக்கச் சொன்னாக. ஓரமா, போன கப்பல்ல எடமில்லன்னு ஹார்பர்ல ஏத்தாமத் திருப்பி விட்ட சரக்கு கெடக்கு. சோழிப் பொட்டி, சிப்பி வியாபாரி ஜம்புலிங்கத்தோட மூட்ட. அதுக்கு நடுவுல ஒரு தகர டப்பா. துணி சுத்தி, அரக்கு வெச்சு, ‘அலைமணி, மெட்ராஸ்’ன்னு எழுதியிருக்கு.

— வேற ஏதாவது டப்பாவா இருக்கும்.

— அந்த சாரு எங்க வாப்பா மூலமாத்தான் பார்சல் போட்டாக. கனமா இருக்கு, பிளேன்ல ஒத்துக்க மாட்டாகன்னு. திரும்பி வந்தத வாப்பாவும் கவனிக்கல, அத யாரும் கேட்டும் வரல. டேப்பு வந்து சேரலன்னு மெட்ராஸ்ல இருந்து ஒரு கடுதாசியும் வரல பாரு.

— நீ பிரிச்சுப் பாத்தியா?

— பிரிச்சேன். உள்ள டேப்பு ரீலு. மேல சீட்டு ஒட்டி, போர்ட் பிளேர் கொரலு தேர்வு, ஒண்ணுல இருந்து நாலுன்னு அந்தாளு கையெழுத்து.

— இன்னொரு டேப்பு எடுத்து வெச்சிருப்பாரு. கையோட கொண்டு போயிருப்பாரு.

— ‘ஒண்ணே ஒண்ணுதான் பாய், வேற காப்பி கெடையாது, பத்திரம்’ன்னு கல்லா முன்னாடி நின்னு சொன்னாக. நான் உள்ளதான் பருப்பு பொடச்சுக்கிட்டு இருந்தேன்.

— நடுவுல வேற கப்பல்ல...

— மெட்ராஸுக்கா? நீதான தெனம் கப்பல் சேதி வாசிச்சுப் பழகுவ. நடுவுல எந்தக் கப்பலு போச்சு, சொல்லு?

— ஒண்ணும் போகல.

— அந்த டேப்பு கடலையே தாண்டல புள்ள. உங் கொரலயும் ஒருத்தரும் கேக்கல, எங் கொரலயும் கேக்கல.

— ஆனா தந்தி வந்துதே! நாலாம் நம்பரை அனுப்புன்னு வந்துதே கரீமா. டிக்கெட்டு வந்துதே.

— வந்துச்சு.

— நீலாக் கண்ணு! வண்டிக்காரன் விடியக்காலமே வந்தர்றேன்னுட்டான்! பொட்டியப் பூட்டிரு சாமி!

— அம்மாவை உள்ள வர விடாத. கரீமா, எங்கையப் புடிச்சுக்க. எதையும் கேக்காம, நாலாம் நம்பர்தான் வேணும்னு அவங்க எதை வெச்சுச் சொன்னாங்க?

— எல்லாம் முடிஞ்சப்பறம் சங்கத்து வாசல்ல உங்கள நிறுத்தி அந்தாளு கேமராவுல எடுத்தாகளே, நான் முக்காட்ட இழுத்துக்கிட்டு ஓடிட்டேன். பிளேன்ல கையோட கொண்டு போனது அது ஒண்ணுதான், நாலுன்னு எழுதுன சிலேட்டப் புடிச்சுக்கிட்டு நீ சிரிச்ச போட்டோ.